இப்படிக் குடு

மாஸ்டர் வாயில் போட்ட கவளத்தை மெல்லவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த மனைவி, ஒன்றும் நடக்காதது போல, "எங்க சிஸ்டம்காரர் சொன்னார்..." என்று ஆரம்பித்திருந்தாள். அவள் ஆபீஸில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற அந்த மனிதர், அவள் பேச்சில் ஏறி அந்தச் சாப்பாட்டு மேஜைக்கு வருவது அன்று முதல் தடவை இல்லை. கொஞ்ச நாளாகவே அழையாமல் வந்து, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"என்ன சொன்னாராம் உங்க சிஸ்டம்காரர்?" என்று மாஸ்டர் கேட்டார், ஏதோ போகிற போக்கில் கேட்பது போல.

"ஒரு மெஷின்ல அழகா நிக்கிற தாள் இன்னொரு மெஷின்ல ஏன் சரியுதுன்னு பாக்கணும்னார். அதைக் கண்டுபிடிச்சாத்தான் மூணுல எது நல்லதுன்னு சொல்ல முடியுமாம். சரிதானே?"

சரிதான். அதுதான் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

விஷயம் இதுதான். மனைவி வேலை பார்ப்பது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில். அங்கே முன்னறையில் இருப்பதெல்லாம் விண்டோஸ் மெஷின்கள். மேலாளர் மேஜையில் மட்டும் மினுமினுவென்று ஒரு மேக். பின்னால் பட்டறையில் யாரோ கழித்துக்கட்டிய பழைய மெஷின்களுக்கு லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்து வைத்திருந்தார்கள். கடிதம் எழுத, அட்டவணை போட மூன்று அறையில் மூன்று விதமான ஆபீஸ் மென்பொருள். முன்னறையில் தட்டச்சு செய்த தாள் பட்டறைக்குப் போனால் கோணிக்கொள்ளும், மேலாளர் அறைக்குப் போனால் நெளிந்துகொள்ளும். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மேலாளர், இலவசமாகக் கிடைக்கிற மூன்று ஆபீஸ் தொகுப்புகளில் நல்லதாக ஒன்றைப் பிடித்து மூன்று அறையிலும் அதையே போட்டுவிடலாம் என்று முடிவுக்கு வந்தார். எது என்று பார்த்து வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் செய்து காட்டும்படி அவளிடம் ஒப்படைத்தார். அத்தனை வருஷம் யாரோ எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் அவள். இதைச் சரியாகச் செய்தால் மூன்று அறைத் தாள்களும் அவள் பொறுப்புக்கு வரும் என்று பேச்சு.

இதைக் கேட்ட அன்று மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது. இருக்காதா? மெயின் ரோட்டில் மாடியில் கணினிப் பயிற்சி நிலையம் நடத்துகிறவர் அவர். அந்த வட்டாரத்தில் யார் வீட்டு மெஷின் மக்கர் பண்ணினாலும் "மாஸ்டரைக் கூப்பிடு" என்பார்கள். வீட்டிலேயே மாஸ்டரை வைத்துக்கொண்டு அவள் வேறு யாரிடம் போய்க் கேட்பாள் என்றுதான் அவர் நினைத்தார். அவளோ, அதே மூச்சில், "சிஸ்டம்காரரோட உக்காந்து மூணையும் பாத்துட்டிருக்கேன்" என்றாள். குளிர்ந்த உச்சி அப்போதே சூடேறிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே கணினி முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "வா, நான் காட்டறேன். ஊரான் எதுக்கு?"

அவள் வந்து உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி மெதுவாக மேலே போனது, ஒரு பட்டியலைத் திறந்தது, தயங்கியது, மூடியது, பக்கத்துப் பட்டியலைத் திறந்தது.

"அங்க இல்ல. இப்படிக் குடு" என்று மாஸ்டர் மவுஸை வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவரிடம் படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: மாஸ்டரைப் போலச் சொல்லித்தர ஆள் கிடையாது, ஆனால் நம் கைக்கு மவுஸ் வராது. ஒருவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஆகாது. கை தானாக நீளும், வாய் தானாக "இப்படிக் குடு" என்னும். தான் செய்வது பெரிய உதவி என்று அவர் மனதார நம்பினார். அன்றும் அப்படித்தான், ஒரு தொகுப்பைத் திறந்து, அட்டவணை போட்டு, வரைபடம் போட்டு, மூடி, அடுத்ததைத் திறந்து, இதில் இது உண்டு, அதில் அது கிடையாது என்று பொரிந்து தள்ளினார். "புரிஞ்சுதா?" என்று கேட்டதற்கு "புரிஞ்சுது" என்று பதில் வந்தது. குரல் எங்கோ தள்ளி இருந்து வருகிறதே என்று திரும்பிப் பார்த்தால், அவள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதே சிஸ்டம்காரர்னா எழுந்து போயிருப்பாளா?" என்று மாஸ்டர் தமக்குள் கறுவிக்கொண்டார். சரி, வாயால் சொல்லி ஆகாது, செய்தே காட்டிவிடுவோம் என்று முடிவு கட்டினார்.

அதிலிருந்து பயிற்சி நிலையத்து வேலை இரண்டாம்பட்சமாகிவிட்டது. வகுப்பில் எல்லாருக்கும் ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு மூலையில் இருந்த லினக்ஸ் மெஷினில் போய்க் குந்திக்கொள்வார். வீட்டில் விண்டோஸ். மேக் மட்டும் கைவசம் இல்லை. அதற்கு மச்சான் இருக்கிறானே, மனைவியின் தம்பி, கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். மாஸ்டர் அவன் அறைக் கதவைத் தட்டினார்.

"வாங்க மாமா, அதிசயமா இருக்கு! என் மேக்கைப் பாத்தாலே 'பொம்மை'ம்பீங்களே?"

"ஒரு சோதனை. கொஞ்ச நேரம் குடு."

மச்சான் நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு, பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தான். மாஸ்டர் ஒரு வரியை நகல் எடுக்க வழக்கமான விரலை வழக்கமான இடத்தில் வைத்து அழுத்தினார். நகல் எடுக்கவில்லை. இன்னொரு தடவை குத்தினார். ஒன்றும் ஆகவில்லை.

"அந்தப் பட்டன் இல்ல மாமா, இங்க பக்கத்துப் பட்டன். இருங்க, நான்..." என்று கையை நீட்டினான்.

"கையை எடுடா! எனக்குத் தெரியாதா?" என்று மாஸ்டர் எரிந்து விழுந்தார்.

மச்சான் கையை எடுத்துக்கொண்டு சிரித்தான். "இதெல்லாம் அக்காவுக்கா? அக்கா கேட்டுச்சா?"

"கேட்டாத்தான் செய்யணுமா?"

"இல்ல மாமா, அக்கா நேத்து வந்து இதே மேக்ல ரொம்ப நேரம் உக்காந்துட்டுப் போச்சு. நான் காபி போடப் போயிட்டேன். திரும்பி வந்தா அந்தப் பட்டன் இந்தப் பட்டன் எல்லாம் தானே கண்டுபிடிச்சு வச்சிருக்கு."

நேற்று வந்தாளா? தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மாஸ்டருக்குச் சுருக்கென்றது. தம்பியிடம் வந்திருக்கிறாள், சிஸ்டம்காரரிடம் உட்கார்ந்திருக்கிறாள், கட்டிய புருஷன் மட்டும் ஆகாதவனாகிவிட்டானா? அந்தக் கோபத்திலேயே மேக்கையும் ஒரு வழி பண்ணிவிட்டு எழுந்தார்.

அவர் போட்ட ஒப்பீட்டுப் பட்டியலைக் குறை சொல்ல முடியாது. எந்தத் தொகுப்பு எந்த மெஷினில் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது, எது எந்தக் கோப்பை எப்படிச் சேமிக்கிறது, எதில் எழுத்துப்பிழை பார்க்கலாம், எதில் சூத்திரம் போட்ட அட்டவணை சிதறாமல் நிற்கிறது, ஒன்று பாக்கியில்லை. எல்லாம் சேர்ந்து கடைசியில், காசு கொடுத்து வாங்குகிற தொகுப்பைப் போலவே முகம் கொண்ட ஒன்றுக்கு அவர் முதலிடம் கொடுத்திருந்தார். அச்சடித்து, கம்பிச்சுருள் போட்டு, பளபளவென்று மேலட்டை வைத்து மனைவி கையில் கொடுத்தார்.

அவள் நின்றபடியே புரட்டினாள். "இவ்வளவு வேலையா? எதுக்குங்க உங்களுக்கு இந்தச் சிரமம்?" என்றாள். பிறகு முதலிடத்தைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தாள். "ஓ, மாப்பிள்ளையா!"

"என்ன மாப்பிள்ளை?"

"அது ஆபீஸ்ல வச்ச பேருங்க. இது சட்டை மடிப்புக் கலையாம வந்து நிக்குதில்ல, அதனால மாப்பிள்ளை. அந்தப் பெரிசு இருக்கே, அது மாமியார். எல்லா வேலையும் தெரியும், ஆனா எதை எங்க வச்சிருக்குன்னு நாமதான் தேடணும். நெட்ல இருக்கிறது விருந்தாளி. சிக்னல் இருந்தா வரும், இல்லேன்னா ஆளே கிடையாது."

நல்ல பெயர்கள்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்திருப்பார், மறுநாளே வகுப்பில் தம்முடையது போல எடுத்துவிட்டும் இருப்பார். ஆனால் இது சிஸ்டம்காரர் வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவள் இப்படி ஒரு கேலி பேசி அவர் கேட்டதில்லையே! அப்படியானால் அந்த ஆள் வேலையும் சொல்லித்தருகிறார், சிரிக்கவும் வைக்கிறார். மாஸ்டருக்குக் காதில் புகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. பால்கனிக்குப் போய்ப் பேசினாள். "மாமியார் இன்னைக்கு மலை ஏறிட்டாங்களா? நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க, நான் நாளைக்கு வந்து சமாதானம் பண்றேன்" என்றவள், எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, தலையைச் சாய்த்துக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் அவள் குடையை மறந்துவிட்டுப் போனாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் மாஸ்டர் அந்தக் குடையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் கம்பெனிக்குக் கிளம்பினார். பெண்டாட்டி மழையில் நனைந்துவிடக் கூடாதே!

கம்பெனி இருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடியில். கீழே லிஃப்ட் கதவில் "பழுது" என்று அட்டை தொங்கியது. லிஃப்ட் கம்பெனிக்கே இந்தக் கதி என்று முனகிக்கொண்டு படியேறினார். முன்னறைக்குக் கண்ணாடிக் கதவு. தள்ளுவதற்கு முன்னால் உள்ளே பார்த்தார், கை அப்படியே நின்றுவிட்டது.

மனைவி பட்டறையிலிருந்து கொண்டுவந்த பழைய லினக்ஸ் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு ஆள் நின்றிருந்தார். மாஸ்டர் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த சிஸ்டம்காரர் சுருள்முடியும் இஸ்திரிச் சட்டையுமாக இருந்தார். இந்த ஆளுக்கோ தொந்தி, ரப்பர் செருப்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். இவருக்காகவா இத்தனை நாள் எரிந்தோம் என்று நினைத்ததில் எரிச்சல் குறையவில்லை, கூடியது. அழகன் என்றாலாவது ஒரு காரணம் இருக்கும்.

திரையில் இருந்தது லிஃப்ட் சோதனைத் தாள். ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்ட்டின் மோட்டார் அறைச் சுவரில் ஒட்டுகிற ஒற்றைத் தாள் அது. சோதித்த ஆள் அடியில் உள்ள கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக் கட்டம் இப்போது தாளை விட்டு விழுந்து, அடுத்த பக்கத்தில் தனியாகக் கிடந்தது. அவள் எதையோ அழுத்தினாள், மேலே இருந்த கோடும் கலைந்தது. திரும்பி அந்த ஆளைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர் நின்றபடியே உதட்டைப் பிதுக்கி ஏதோ சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தேட ஆரம்பித்தாள். மூக்குக் கண்ணாடி நழுவியது, ஏற்றிவிட்டுக்கொண்டாள். அவள் முகம் விளையாட்டில் மூழ்கிய குழந்தையின் முகம் போல இருந்தது. அந்த முகத்தை இந்த ஆள் தினமும் பார்க்கிறாரே என்று மாஸ்டருக்கு வயிறு பற்றி எரிந்தது.

எழுத்தின் அளவைக் குறைத்தால் தீர்ந்தது, இதற்கு இவ்வளவு பாடா என்று மாஸ்டரின் விரல்கள் துடித்தன. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். குடை ஒரு நாற்காலியில் விழுந்தது.

"என்னங்க, நீங்க எங்க இங்க..." என்று அவள் திரும்புவதற்குள், "இப்படிக் குடு" என்று மவுஸ் அவர் கைக்குப் போய்விட்டது. இரண்டு தட்டு. எழுத்துகள் சுருங்கின, கையெழுத்துக் கட்டம் நல்ல பிள்ளையாக மேலே ஏறி வந்து முதல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மாஸ்டர் நிமிர்ந்து சிஸ்டம்காரரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்தா மேலாளர் அறையை விட்டு வெளியே வர வேண்டும்? வந்தவர் திரையைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். "சார்தான் உங்க வீட்டுக்காரரா? மெயின் ரோட்ல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கிறவர்தானே? அதான் பாத்தேன், எப்படி இவ்வளவு சீக்கிரம் பிடிச்சுக்கிட்டாங்கன்னு. சார்தான் எல்லாம் ரெடி பண்ணித் தர்றாரா! அப்ப வெள்ளிக்கிழமை சாரே வந்து பேசட்டும். அதுதான் நல்லா இருக்கும்."

மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். "அதுக்கென்ன சார்..." என்று இழுத்தபடி மனைவியைப் பார்த்தார்.

அவள் எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் கோபம் இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். ஒன்றுமே இல்லை. விளக்கை அணைத்தது போல இருந்தது. "உக்காருங்க, நீங்களே முடிச்சுடுங்க" என்று தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனாள். மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மவுஸை ஏதோ சுட்டது போலக் கீழே வைத்தார்.

"வாங்க சார், கீழ வரைக்கும் வர்றேன்" என்று சிஸ்டம்காரர்தான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் படி இறங்கினார்கள். ஒரு மாடி தாண்டியது. பிறகு மாஸ்டரால் அடக்க முடியவில்லை.

"அவ அவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடறா. பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கறீங்களே சார், சொல்லித்தரக் கூடாதா?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே சார் சொல்லித்தர?" என்றார் சிஸ்டம்காரர், கொஞ்சமும் கூசாமல். "நான் கேபிள் இழுக்கிறவன். மெஷின் ஓடலேன்னா ஓட வைப்பேன், பிரிண்டர்ல தாள் சிக்கினா எடுப்பேன். உள்ள என்ன எழுதறாங்க, எப்படிக் கட்டம் போடறாங்க, அதெல்லாம் எனக்குச் சுத்தமா தெரியாது. முதல் நாள் மேடம் வந்து கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா போச்சு. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, 'நீங்களே அழுத்திப் பாருங்க மேடம், வீணாப் போனா நான் திரும்ப ஏத்தித் தர்றேன்'னேன். அவ்வளவுதான். அழுத்திப் பாத்துப் பாத்து அவங்களே கத்துக்கிட்டாங்க. இப்ப எனக்கு ஏதாவது வேணும்னா நான்தான் அவங்களுக்கு போன் போடறேன்."

மாஸ்டர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அந்த மாமியார், மாப்பிள்ளை...?"

"மேடம் வச்ச பேர்தான் சார்! உங்ககிட்ட சொல்லலையா? ஆபீஸே சிரிக்குது. அவங்க பேச ஆரம்பிச்சா வயிறு வலிக்கும்."

அதுவும் அவளுடையதுதானா! மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் அவரால் கீழே இறங்க முடியவில்லை. "நான் வீட்லயே இருக்கேன். எனக்கு எல்லாம் தெரியும்னு அவளுக்குத் தெரியும். அப்புறம் ஏன் என்கிட்ட கேக்கல?"

சிஸ்டம்காரர் கழுத்துக் கயிற்றை இப்படியும் அப்படியும் திருகினார். "நானும் அதைத்தான் சார் கேட்டேன். 'அவர்கிட்ட கேட்டா வேலை முடிஞ்சிடும்'னாங்க."

பேசிக்கொண்டே கீழே வந்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. குடை மேலேயே கிடந்தது.

அன்று சாப்பாட்டு மேஜையில் மூன்றாவது ஆள் இல்லை. சிஸ்டம்காரர் பெயரைக்கூட அவள் எடுக்கவில்லை. அவர் வந்தாலாவது தேவலை என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

"வெள்ளிக்கிழமை நீயே பேசு. நான் வரல" என்றார் மெதுவாக.

"நான் பேசினா நீங்க எழுதிக் குடுத்ததை ஒப்பிக்கறேன்னு நினைப்பார். நீங்க பேசினா அதுவே சரின்னு ஆயிடும். எப்படியும் அந்த வேலை எனக்கு இல்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "விடுங்க. தட்டச்சு இருக்கவே இருக்கு."

வெள்ளிக்கிழமை மாஸ்டர் போனார். முன்னறையில் நாற்காலிகளைப் போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டறை ஆட்கள் மசகு படிந்த கையோடு பின்னால் நின்றார்கள். மேஜையில் மூன்று மெஷின்களும் பக்கத்தில் பக்கத்தில். மேலாளர் எழுந்து வந்து, "வாங்க சார், உக்காருங்க" என்று மெஷின் முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

இந்த மாதிரி நாற்காலியில் உட்காராமல் மாஸ்டர் ஒரு நாளும் இருந்ததில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, மவுஸ் கையில் இருக்க, அவர் பேசினால் அப்படிப் பேசுவார்.

"நான் உக்காரறதுக்கு வரல சார்" என்றார். "ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். இதுல என் வேலை எதுவும் இல்ல. நானும் ஒரு பட்டியல் போட்டேன், அதுல இருந்து இவங்க ஒரு வரிகூட எடுத்துக்கல, எடுக்கத் தேவையும் இல்ல. அன்னைக்கு நீங்க பாத்தது, இவங்க கையில இருந்த மவுஸை நான் பிடுங்கினது. அது என்னோட கெட்ட பழக்கம். என்கிட்ட படிச்சவங்களைக் கேட்டா காறித் துப்புவாங்க." பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவரிடம் படித்தவராக இருக்கலாம்.

சொல்லிவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றார். பக்கத்தில் சிஸ்டம்காரர், கையைப் பின்னால் கட்டியபடி. மாஸ்டரும் கட்டிக்கொண்டார்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் வார்த்தை தடுமாறியது. விருந்தாளியைப் பற்றிச் சொல்லும்போது சரியாகிவிட்டது. "லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினா போன்லகூட சிக்னல் வராது. அங்க விருந்தாளியை நம்பி எப்படி நிக்கிறது?" பட்டறை ஆட்கள் தலையாட்டினார்கள். மாப்பிள்ளையைப் பழைய லினக்ஸ் மெஷினில் திறந்து காட்டினாள். அது திறக்கிறேன் திறக்கிறேன் என்று மூச்சு வாங்கியது. "மாப்பிள்ளைக்குப் பெரிய வீடு வேணும். நம்ம பட்டறை தாங்காது." எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். தம் பட்டியலில் பயிற்சி நிலையத்து நல்ல மெஷினில் மாப்பிள்ளைக்குப் போட்ட மதிப்பெண் ஞாபகம் வந்தது.

பிறகு மாமியார். விண்டோஸில் சோதனைத் தாளைத் திறந்தாள், ஒரே பக்கம். மேக்கில் திறந்தாள், ஒரே பக்கம். லினக்ஸில் திறந்தாள். கையெழுத்துக் கட்டம் தொப்பென்று அடுத்த பக்கத்தில் விழுந்தது.

அவள் ஒரு பட்டியலைத் திறந்தாள், மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். தவறான இடம். மாஸ்டரின் கை பின்னாலேயே பிசைந்துகொண்டது, ஒரு விரலை இன்னொரு விரல் இறுக்கிப் பிடித்தது. அவள் நிமிர்ந்து சுவர்ப் பக்கம் பார்த்தாள். பார்த்தது அவரை இல்லை, சிஸ்டம்காரரை. அவர் வழக்கம் போல உதட்டைப் பிதுக்கினார். இந்த நேரத்தில்கூட என்னைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று மாஸ்டருக்கு நெஞ்சு காந்தியது. காந்தினாலும் கையை அவிழ்க்கவில்லை.

"எழுத்தைச் சின்னதாக்கிடலாமே? அன்னைக்குச் சார் அப்படித்தானே பண்ணார்?" என்றார் மேலாளர்.

"அந்த எழுத்தை மோட்டார் ரூம்ல டார்ச் அடிச்சுப் படிக்கணும் சார். இதுக்கு மேல சின்னதானா படிக்க முடியாது" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே. பட்டறைப் பெரியவர் ஒருவர், "அப்படிச் சொல்லும்மா" என்றார். டார்ச் பற்றி மாஸ்டருடைய பட்டியலில் ஒரு வரி இல்லை.

"இதோ!" என்றாள் அவள் திடீரென்று. "இந்த ஃபாண்ட் இந்த மெஷின்ல இல்லவே இல்ல. இல்லாததுக்குப் பதிலா வேற ஒண்ணை இதுவா போட்டுக்குது, அது கொஞ்சம் அகலம், அதான் கட்டம் விழுது." மாமியாரோடு கூடவே மூன்று மெஷினுக்கும் வருகிற ஒரு எழுத்துருவைத் தேடிப் பிடித்து, தாள் முழுக்க அதற்கு மாற்றினாள். கட்டம் மேலே ஏறியது. அதே தாளை விண்டோஸில் திறந்தாள், மேக்கில் திறந்தாள். எழுத்து பெரிதாகவே இருந்தது, தாள் ஒன்றாகவே நின்றது.

"இனிமே நம்ம தாள் எல்லாத்துக்கும் இந்த ஃபாண்ட்தான். மூணு ரூமுக்கும் மாமியார்தான்" என்று சொல்லி மவுஸைக் கீழே வைத்தாள்.

மேலாளர் எழுந்து நின்று, "அப்ப மாமியாரைப் பாத்துக்கிற பொறுப்பும் இனி உங்களோடதுதான்" என்றார். பட்டறை ஆட்கள் மசகுக் கையோடு தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது மேலாளர் மாஸ்டரின் தோளைத் தட்டினார். "என்ன சொன்னாலும் உங்க வளர்ப்பு சார். நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க."

"நான் சொல்லிக் குடுக்கல சார்" என்றார் மாஸ்டர். தன்னடக்கம் என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னதில் மாஸ்டருக்கு எங்கே வலித்தது என்பது பக்கத்தில் நின்ற சிஸ்டம்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

மறுநாள் விடுமுறை. மாஸ்டர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். மனைவி வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து மாமியாரைத் திறந்திருந்தாள். கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு திரும்பாமலே, "என்னங்க, இதுல முதல் பக்கத்துக்கு மட்டும் பக்க எண் வராம பண்றது எப்படி?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டாள்! மாஸ்டர் செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஒரே தாவாக எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். அது எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து, அவருக்கு வழிவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

மாஸ்டர் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

"தெரியலையே" என்றார். "நீயே அழுத்திப் பாரு."

அவள் மெதுவாகத் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தாள், பின்னால் போயிருந்த கையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். "பொய்" என்றாள்.

"ஆமா" என்றார் மாஸ்டர்.

அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, மவுஸைப் பிடித்து, மேலே இருந்த முதல் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து தேட ஆரம்பித்தாள்.